அஞ்சாவது ஆள்

கோல்ஃப் பத்தி ஒரு பதிவு எழுதப் போறேன்னு சொன்னதும் தங்கமணி ஒரு பார்வை பார்த்தாங்க. "ஏங்க, உங்களுக்கு வேற விஷயமே கிடைக்கலையா?" நியாயமான கேள்விதான். சென்னையில் இருந்தவரைக்கும் கோல்ஃபுக்கும் எனக்கும் இருந்த சம்பந்தம், நந்தனம் பக்கம் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால் காஸ்மோபாலிட்டன் க்ளப் மைதானத்துப் பச்சையை எட்டிப் பார்த்தது மட்டும்தான். பணக்காரங்க வெயிலில் நடக்கறதுக்கு ஒரு சாக்கு என்பதே அப்போதைய என் ஆராய்ச்சி முடிவு. (இப்பவும் அதில் பாதி உண்மை இருக்கு.)

வந்து சேர்ந்த ஊர் அப்படி. அரிசோனாவில், ஃபீனிக்ஸ் பக்கத்தில் சாண்ட்லர். சிப் தொழிற்சாலைகளை நம்பிப் பிழைக்கிற நம்ம ஜனம் நிறைய இருக்கிற ஊர். பாலைவனத்தில் தண்ணி இருக்கோ இல்லையோ, பத்து நிமிஷம் கார் ஓட்டினால் ஒரு கோல்ஃப் மைதானம் வந்துடும். பொண்ணு எட்டாவது படிக்கும்போது தோழி ஒருத்தி கூட்டிட்டுப் போய் மட்டையைக் கையில் கொடுத்தா. பிடிச்சுப் போச்சு. ஹைஸ்கூலில் அணியிலும் சேர்ந்துட்டா. அணியில் அவ அஞ்சாவது ஆள்.

இந்த அஞ்சாவது ஆள் விவகாரத்தைக் கொஞ்சம் விளக்கணும், ஏன்னா பதிவே அதைப் பத்தித்தான். அணிக்கு அஞ்சு பேர் ஆடுவாங்க. அன்றைக்கு நல்லா ஆடின நாலு பேரோட ஸ்கோரைக் கூட்டினால் அதுதான் அணியின் ஸ்கோர். மிச்சமிருக்கிற ஒண்ணு, அதாவது இருப்பதிலேயே மோசமானது, குப்பைக்கு. ஸ்கோர்னா இங்கே அடிச்ச அடிகளோட எண்ணிக்கை. கம்மியா அடிச்சவர் கெட்டிக்காரர். வேகாத வெயிலில் நாலரை மணி நேரம் ஆடிட்டு, கடைசியில் "உன்னோடது கணக்கில் வரலைம்மா" என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வரணும். என் பொண்ணு இப்படிப் பல நாள் வந்திருக்கா. கார் கதவைச் சாத்தற சத்தத்திலேயே எனக்குத் தெரிஞ்சுடும், கணக்கில் வந்துச்சா வரலையான்னு.

பள்ளிக்கூடத்தில் மட்டும் இல்லை, அமெரிக்க காலேஜ் பெண்களுக்கான தேசிய சாம்பியன்ஷிப்பிலும் இதே கதைதான். என்.சி.ஏ.ஏ. நடத்துவது, வருஷா வருஷம் மே மாசத்தில். முதலில் ரீஜினல் போட்டிகள், அதில் தேறினவங்களுக்கு இறுதிச் சுற்று. இறுதிச் சுற்றில் 2021 வரைக்கும் 24 அணி, 2022இலிருந்து 30 அணி. வெள்ளி முதல் திங்கள் வரை நாலு நாள், நாளுக்கு 18 குழி. (ஹோல் என்பதைக் குழின்னு எழுதறேன். கோலிகுண்டு ஆடினவனுக்கு அதுதான் வருது.) மூணு நாள் முடிஞ்சதும் முதல் 15 அணி தவிர மத்தவங்க ஊருக்குக் கிளம்பலாம். நாலாம் நாள் முடிவில் தனிநபர் சாம்பியன் யாருன்னு தெரிஞ்சுடும். அதுவரைக்கும் நாலு ஸ்கோர் கணக்கு, அஞ்சாவது குப்பை.

அதுக்கப்புறம்தான் விஷயமே. 2015இல் மேட்ச் பிளேன்னு ஒண்ணைக் கொண்டுவந்தாங்க. திங்கள் சாயங்காலம் முதல் எட்டு இடத்தில் இருக்கிற அணிகளை மட்டும் வெச்சுக்கிட்டு, செவ்வாய் காலையில் காலிறுதி, மத்தியானம் அரையிறுதி, புதன் இறுதி ஆட்டம். இங்கே மொத்த அடிகளைக் கூட்டற வேலை கிடையாது. இந்த அணியின் அஞ்சு பேரும் அந்த அணியின் அஞ்சு பேரோடு ஒண்டிக்கு ஒண்டி. குழிக்குக் குழி யார் ஜெயிச்சாங்கன்னு பார்த்துக்கிட்டே போவாங்க. மூணு பேர் ஜெயிச்ச அணிக்குக் கோப்பை. நாட்டிலேயே நம்பர் ஒன் ஆட்டக்காரி வாங்கற புள்ளியும் ஒண்ணுதான், அஞ்சாவது ஆள் வாங்கற புள்ளியும் ஒண்ணுதான். நாலு நாளாகக் குப்பைக்குப் போய்க்கொண்டிருந்த அதே அஞ்சாவது ஆள் மேல அன்றைக்குக் கோப்பையே தொங்கும்!

முதல் வருஷமே அப்படி ஒரு முடிவு. ஃப்ளாரிடாவில் பிரேடன்டன் பக்கம் கன்செஷன் மைதானம். ஸ்டான்ஃபோர்டும் பேய்லரும் ஆளுக்கு ரெண்டு. கடைசி ஆட்டத்தில் ஸ்டான்ஃபோர்டின் மரையா ஸ்டாக்ஹவுஸ் பின்தங்கி இருந்து, 17லும் 18லும் பேர்டி போட்டு (நிர்ணயித்த அடியை விட ஒண்ணு கம்மி) சமன் செய்து, கூடுதல் குழியில் ஜெயித்தார். பழைய முறைதான் சரின்னு சொல்லிட்டிருந்தவங்ககூட அன்னிக்குக் கொஞ்ச நேரம் பேசலை.

சரி, பேட்டன் ரூஜ் மழைக்கு வர்றேன். என் பொண்ணு அவ்வளவு கோவப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

2021. அதுக்கு முந்தின வருஷம் கொரோனாவால் சாம்பியன்ஷிப்பே நடக்கலை. அந்த வருஷம் படிப்பு முடிய இருந்தவங்களுக்கு இன்னொரு வருஷம் ஆடலாம்னு என்.சி.ஏ.ஏ. சலுகை கொடுத்தது. அதை நம்பி சிலர் மேல்படிப்பில் சேர்ந்தாங்க, கிடைச்ச வேலையைத் தள்ளிப் போட்டாங்க. மே மாசம் நாலு ஊரில் ரீஜினல். ஊருக்கு 18 அணி, அதில் முதல் 6 அணி மேலே போகும். லூசியானாவில் பேட்டன் ரூஜில் நடக்க வேண்டிய ரீஜினல் மே 10ஆம் தேதி தொடங்கணும். மழை. பதினொண்ணாம் தேதியும் மழை. சில நாளில் ஏழு அங்குலத்துக்கு மேல் கொட்டித் தீர்த்துடுச்சு. 12ஆம் தேதி, புதன்கிழமை, பொண்ணுங்க எல்லாம் வந்து காத்திருக்க, அதிகாரி ஒருத்தர் வெளியே வந்து அறிவிச்சார். மைதானத்தில் ஆடலாம்தான், ஆனா சாம்பியன்ஷிப் தரத்தில் ஆட முடியாது, அதனால ரத்து.

ஒரு அடி கூட அடிக்கலைங்க. ஒண்ணே ஒண்ணு கூட. யார் மேலே போறாங்க? ஏற்கெனவே இருந்த தரவரிசைப்படி முதல் ஆறு அணி. மிச்சம் பன்னிரண்டு அணிக்கு சீசன் முடிஞ்சுது. அணிக்கு அஞ்சு பேர்னு வெச்சாலே அறுபது பொண்ணுங்க. அதில் எத்தனையோ பேருக்கு அதுதான் வாழ்க்கையில் கடைசிப் போட்டி. அந்த அறிவிப்பை யாரோ போனில் படம் பிடிச்சுப் போட்டுட்டாங்க, அது நாடு பூரா சுத்திச்சு. பேசறவர் குரலுக்கு நடுவில் பொண்ணுங்க விசும்பறதும், "எங்களை ஆட விடுங்க"ன்னு கெஞ்சறதும் கேட்கும். என் பொண்ணு அப்ப பத்தாவது. அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துட்டு இருந்தா. "அப்பா, தோத்துப் போறது வேற. இது என்னப்பா?"

எனக்கு பதில் தெரியலை. அந்த அதிகாரிங்க பக்கமும் கொஞ்சம் யோசிச்சுப் பார்த்தேன். விதிப்படி கொறஞ்சது 18 குழியாவது ஆடி முடிச்சால்தான் முடிவு செல்லும். புதன்கிழமையோட முடிக்கணும்னும் விதி. குளம் மாதிரி நிக்கிற இடத்தில் ஆட விட்டு, நாளைக்கு ஒரு அணி சேத்துல பந்து மாட்டினதால் தோத்தோம்னு வழக்கு போட்டால்? எல்லாம் சரிதான். ஆனாலும் எனக்கு ஒப்பலை. விதி போட்டவங்க மனசு வெச்சால் வியாழக்கிழமைன்னு ஒரு நாளைக் காலண்டரில் கண்டுபிடிச்சிருக்க முடியும். நம்ம ஊரில் மழை பெஞ்சா டாஸ் போட்டு ஜெயிச்சவங்களை அறிவிக்கற லோக்கல் டோர்னமென்ட் உண்டு. அதில்கூட டாஸுன்னு ஒரு வாய்ப்பாவது இருக்கும்.

இதில் வேடிக்கை என்னன்னா, அந்த ஆறு அணியில் ஒண்ணு ஓல் மிஸ், அதாவது மிசிசிப்பி பல்கலைக்கழகம். ரீஜினலில் ஒரு பந்து கூட அடிக்காம மேலே போன அவங்க, ரெண்டு வாரத்தில் ஸ்காட்ஸ்டேல் க்ரேஹாக்கில் நடந்த இறுதிச் சுற்றில் ஓக்லஹோமா ஸ்டேட்டை 4-1 என்று ஜெயிச்சு சாம்பியன் ஆயிட்டாங்க. அந்தப் பல்கலைக்கழகத்துப் பெண்கள் அணி எதுவும் அதுக்கு முன்னால் என்.சி.ஏ.ஏ. கோப்பை வாங்கினது இல்லை. "பாத்தியா, தரவரிசை சரியாத்தான் இருந்திருக்கு"ன்னு சொன்னேன். பொண்ணு விடலை. "அவங்க நல்ல டீம்தான். ஆனா ஏழாவது டீம் ஜெயிச்சிருக்க மாட்டாங்கன்னு அதனால ப்ரூவ் ஆகுமா? 2018ல நம்ம அரிசோனா எத்தனாவதுப்பா?"

வாயை மூடிக்கிட்டேன். 2018 கதை அப்படி.

அந்த வருஷம் ஓக்லஹோமாவில், ஸ்டில்வாட்டர் கார்ஸ்டன் க்ரீக் மைதானம். இங்கே டூசான்ல இருக்கிற அரிசோனா பல்கலைக்கழகம் திங்கள்கிழமை சாயங்காலம் எட்டாவது இடத்துக்கே ததிங்கிணத்தோம் போட்டுக்கிட்டு இருந்தது. கடைசிக் குழியில் பியாங்கா பக்தாங்கனன், பிலிப்பைன்ஸ் பொண்ணு, ஈகிள் போட்டால்தான் (ரெண்டு அடி கம்மி) பேய்லரோடு சமன். நீளமான பட், உள்ளே போச்சு. அப்புறம் ப்ளேஆஃப் ஆடி எட்டாவது இடம். எட்டாவதாக வந்தவங்களுக்குப் பரிசு என்னன்னா, முதலாவதாக வந்த யுசிஎல்ஏவோடு மோதணும். ஜெயிச்சாங்க. அடுத்து ஸ்டான்ஃபோர்ட். அதையும். இறுதி ஆட்டம் அலபாமாவோடு, 2-2ன்னு வந்து நிக்குது. மிச்சம் ஹேலி மூர் ஆட்டம் ஒண்ணுதான்.

ஹேலி மூர் பத்தி ரெண்டு வரி சொல்லணும். உயரமும் பருமனுமான பொண்ணு. பள்ளிக்கூடத்தில் உடம்பைச் சொல்லிச் சொல்லியே மத்த பிள்ளைங்க படுத்தின பாட்டை அவங்களே பேட்டிகளில் சொல்லியிருக்காங்க. எதிரில் அலபாமாவின் லகரெபர் ஏப். 18 குழி முடிஞ்சும் தீரலை. 19ஆவது குழியில் சின்ன பட், நாலடி இருக்கும். கோல்ஃப் ஆடினவங்களைக் கேளுங்க, இருபதடி பட்டை விட நாலடி பட்தான் வயித்தைக் கலக்கும். இருபதடி போகலைன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. மூர் போட்டுட்டாங்க. ஒரு நிமிஷத்தில் அணியே அவங்க மேலே விழுந்து கட்டிப் பிடிச்சுக்கிச்சு. அந்த வீடியோ எங்க வீட்டில் எத்தனை தடவை ஓடியிருக்குன்னு கணக்கே இல்லை.

எட்டாவது அணி கோப்பை வாங்கலாம்னா, பேட்டன் ரூஜில் ஏழாவதாக இருந்த அணிக்கு ஆடற உரிமையாவது இருக்கணும் இல்லையா? பத்தாவது படிக்கிற பொண்ணு கேட்கிறா. நான் என்னத்தைச் சொல்ல.

இதுக்கு ஒரு பின்கதையும் உண்டு. பார்ஸ்டூல் ஸ்போர்ட்ஸ் என்ற கம்பெனி, அடாவடிக்குப் பேர் போனது, பெண்கள் விஷயத்தில் நல்ல பேரும் கிடையாது. அவங்க அந்தப் பொண்ணுங்களுக்காக அதே மாசத்தில் ஒரு போட்டியை ஏற்பாடு செஞ்சாங்க. பேரே 'லெட் தெம் ப்ளே க்ளாசிக்'. எங்கே தெரியுமா? எங்க சாண்ட்லரில், வேர்ல்விண்ட் மைதானத்தில், எங்க வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். யார் கையால் நல்லது நடக்கும்னு சொல்ல முடியாது பாருங்க.

பெண்கள் காலேஜ் கோல்ஃபில் இந்த "ஆட விடுங்க" என்பது புதுசும் இல்லை. 1941இல் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வித் துறையில் இருந்த க்ளாடிஸ் பாமர் என்ற அம்மா, காலேஜ் பெண்களுக்கு தேசிய அளவில் கோல்ஃப் போட்டின்னு முதல் தடவையாக நடத்தினார். அதுக்கு எதிர்ப்பு எங்கிருந்து வந்ததுன்னு நினைக்கிறீங்க? அதே துறையில் இருந்த மத்த பெண் ஆசிரியர்களிடமிருந்து! பெண்களுக்கு உடற்பயிற்சி போதும், ஊர் விட்டு ஊர் போய்ப் போட்டி போடறது உடம்புக்கும் மனசுக்கும் ஆகாது என்பது அன்றைய எண்ணம். பாமர் கேட்கலை, நடத்திட்டார். அலபாமாவிலிருந்து வந்த எலினார் டட்லி ஜெயித்தார். போர் வந்து சில வருஷம் நின்னு, மறுபடி தொடங்கி, கைமாறிக் கைமாறி 1982இல்தான் என்.சி.ஏ.ஏ. இதைத் தன் போட்டியாக எடுத்து நடத்த ஆரம்பிச்சது. நடுவில் 1972இல் டைட்டில் நைன் சட்டம். அரசாங்கப் பணம் வாங்கற கல்வி நிறுவனம் ஆண் பெண் பேதம் பார்க்கக் கூடாது என்ற அந்தச் சட்டம் இல்லைன்னா இதில் பாதி அணிகள் இருந்திருக்காது.

2023க்கு வருவோம். பொண்ணு பன்னிரண்டாவது முடிக்கிற வருஷம். காலேஜ் அணியில் சேர ஆசைப்பட்டு, முந்தின கோடையில் சில கோச்சுகளுக்கு மெயில் அனுப்பியிருந்தா. ஸ்கோர், வீடியோ எல்லாம் இணைச்சு. பெண்கள் டிவிஷன் 1 கோல்ஃபுக்கு அப்போதெல்லாம் காலேஜுக்கு ஆறு ஸ்காலர்ஷிப் வரை உண்டு, ஆண்களுக்கு நாலரைதான். (2025இல் வந்த நீதிமன்ற உடன்பாட்டுக்குப் பிறகு, அதில் சேர்ந்த காலேஜ்களுக்கு அந்த வரம்பு போய், அணிக்கு ஒன்பது பேர் என்று ஆயிடுச்சு.) அந்த ஆறு இடத்துக்கு ஸ்வீடன், ஸ்பெயின், தாய்லாந்து, கொரியான்னு உலகம் பூராவிலிருந்தும் போட்டி. அன்னிகா சோரன்ஸ்டாம் ஸ்வீடனிலிருந்து வந்து முதல் வருஷமே, 1991இல், அரிசோனாவுக்காக தனிநபர் பட்டம் வாங்கினவர். லொரேனா ஒச்சோவா மெக்ஸிகோவிலிருந்து அதே அரிசோனாவுக்கு வந்து, ஆடின 20 போட்டியில் 12 ஜெயிச்சும், இந்த சாம்பியன்ஷிப்பில் மட்டும் 2001, 2002 ரெண்டு வருஷமும் ரெண்டாம் இடம். அந்த வரிசையில் சாண்ட்லர் ஹைஸ்கூல் அஞ்சாவது ஆள் போய் நின்னா? ரெண்டு கோச் மட்டும் பதில் போட்டாங்க. ரொம்ப மரியாதையான "இல்லை". மத்தவங்க அதுவும் இல்லை.

அவ அதைப் பத்தி எங்ககிட்ட அதிகம் பேசலை. மட்டைப் பை கராஜில் ஒரு மூலைக்குப் போயிடுச்சு. நானும் கேட்கலை. மே மாசம் அவளே வந்து, "அப்பா, க்ரேஹாக் போலாமா? இந்த வருஷத்தோட இங்க முடியுது, அடுத்த வருஷம் கலிஃபோர்னியா போயிடும்" என்றாள். ஆபீஸில் திங்களும் புதனும் லீவு சொன்னேன். மேனேஜர் ஏன்னு கேட்டார். காலேஜ் பொண்ணுங்க கோல்ஃப்னு சொன்னால் நம்ப மாட்டார்னு டென்டிஸ்ட்னு சொல்லிட்டேன். :-)

லூப் 101 பிடிச்சு வடக்கே போனால் ஸ்காட்ஸ்டேல் க்ரேஹாக். காலை ஒன்பதுக்கே வெயில் சுள்ளுன்னு ஏறிடுச்சு. ஃபேர்வே ஓரம் தாண்டினால் கள்ளி, சப்பாத்தி, பொடிக்கல். உள்ளே போன பந்தைத் தேடப் போனால் பாம்பு இருக்குமோன்னு முதலில் பார்க்கணும். டிவியில் பார்க்கிற பெரிய போட்டி மாதிரி கேடி பின்னால் நடக்க ராணி மாதிரி எல்லாம் இல்லை. பொண்ணுங்க அவங்கவங்க பையை அவங்களே சுமக்கறாங்க, இல்லைன்னா தள்ளுவண்டியில் வெச்சுத் தள்ளறாங்க. கோச் கூடவே நடந்து யோசனை சொல்றார். பார்க்க வந்த கூட்டத்தில் பாதிக்கு மேல் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி. எல்லார் தலையிலும் அவங்க காலேஜ் கலரில் தொப்பி. யார் எந்தப் பொண்ணோட அம்மான்னு கேட்கவே வேண்டாம், பட் போடும்போது யார் தரையைப் பார்க்கிறாங்களோ அவங்கதான்.

அன்றைக்கு எல்லார் கண்ணும் ரோஸ் ஜாங் மேல். ஸ்டான்ஃபோர்ட், ரெண்டாம் வருஷம் படிக்கிற பொண்ணு. 2022இல் தனிநபர் பட்டம் வாங்கியாச்சு. அன்றைக்குப் பின்னால் இருந்து வந்து மறுபடியும் வாங்கிட்டாங்க. இந்த சாம்பியன்ஷிப் வரலாற்றிலேயே ரெண்டு தடவை தனிநபர் பட்டம் வாங்கின முதல் பெண். ரெண்டு வருஷத்தில் 12 காலேஜ் வெற்றி. அதே ஸ்டான்ஃபோர்டில் டைகர் வுட்ஸ் வெச்சிருந்த கணக்கு 11. அடுத்த சில நாளில் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய், முதல் போட்டியையே ஜெயிச்சாங்க. எல்பிஜிஏவில் அப்படி நடந்தது 1951க்கு அப்புறம் அதுதான் முதல் தடவை. அவங்க அடிக்கிறதைப் பக்கத்தில் நின்னு பார்த்தேன். ஒரு அலட்டலும் இல்லை. அம்மா சாம்பாருக்குக் கடுகு தாளிக்கிற மாதிரி, கை பாட்டுக்கு வேலை செய்யுது.

ஆனா என் பொண்ணு அவங்க பின்னால் வரலை. ரெண்டு குழி பார்த்துட்டு, "அப்பா, நான் அந்தப் பக்கம் போறேன்" என்று நழுவிட்டா. அரை மணி கழிச்சுத் தேடிப் போனால், கூட்டமே இல்லாத ஒரு குழியில், ஏதோ ஒரு காலேஜின் அஞ்சாவது ஆளைப் பார்த்துக்கிட்டு நிக்கிறா. (எந்தக் காலேஜ், யாருன்னு சொல்ல மாட்டேன்.) அந்தப் பொண்ணுக்கு அன்றைக்கு எதுவும் சரியில்லை. ஒரு பந்து பாலைவனத்துக்குள்ளே போய், ரெண்டு அடியில் வெளியே எடுத்து, க்ரீனுக்கு வந்தப்ப முகம் சிவந்து கிடக்கு. மூணடி பட். குனிஞ்சு பார்க்கிறா, எழுந்து அந்தப் பக்கம் போய்ப் பார்க்கிறா, கோச்சைக் கூப்பிட்டு ஏதோ கேட்கிறா.

"அப்பா, லைவ் ஸ்கோர் பாத்தேன். டீம்ல மத்த நாலு பேரும் நல்லா போறாங்க. இவ ஸ்கோர் இன்னிக்கு கணக்குல வராது. அவளுக்கும் தெரியும். பாருங்க, எவ்ளோ நேரம் எடுக்கறா."

பட் உள்ளே போச்சு. கோச் கை தட்டினார், நாங்க ரெண்டு பேர் கை தட்டினோம். அந்தப் பொண்ணு எங்களைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டுட்டு அடுத்த குழிக்கு வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போயிட்டா. என் பொண்ணு பின்னாலேயே போனா, பதினெட்டாவது வரைக்கும். நானும் கூடவே நடந்தேன். தண்ணி பாட்டில் ரெண்டும் காலி. பேசிக்கவே இல்லை.

புதன்கிழமை இறுதி ஆட்டம், வேக் ஃபாரஸ்டும் தெற்கு கலிஃபோர்னியாவும். ஸ்டான்ஃபோர்ட் அரையிறுதியிலேயே அவுட். ரோஸ் ஜாங் மாதிரி ஒருத்தர் இருந்தும், அவங்களுக்கும் ஒரு புள்ளிக்கு மேல் வாங்க வழி இல்லையே. நான் அன்றைக்குப் பார்க்கணும்னு நினைச்சது வேக் ஃபாரஸ்டின் எமிலியா மிலியாச்சியோவை. 2021இல் அகஸ்டாவில் நடந்த பெண்கள் அமெச்சூர் போட்டியில் ப்ளேஆஃப் வரை போய் ஜப்பான் பொண்ணு சுபாசா கஜிதானியிடம் தோத்தவர். அம்மாதான் கேடி. அவ்வளவு திறமை இருந்தும், தொழில்முறைக்குப் போக மாட்டேன்னு முன்னாடியே சொல்லிட்டார். பட்டப் படிப்பு முடிச்சு மேல்படிப்பு படிக்கும்போதும் அணிக்கு ஆடிக்கிட்டு இருந்தார். 2019 இறுதி ஆட்டத்தில் ட்யூக்கிடம் 3-2 என்று தோத்த வேக் ஃபாரஸ்ட் அணியிலும் இருந்தவர். அந்தப் பாக்கி இருந்தது.

பொண்ணுகிட்ட இதைச் சொல்லிக்கிட்டே நடந்தேன். உபதேசம் பண்றதுக்கு இல்லை, சும்மா. அவ கேட்டா, "ஆடத் தெரிஞ்சும் ஏன் போகலை?" "அவங்களுக்கு அந்த வாழ்க்கை வேண்டாமாம். வருஷம் பூரா ஹோட்டல், ப்ளேன், தனியா. டீமோட ஆடறதுதான் பிடிச்சிருக்காம்" என்று எனக்குப் புரிஞ்ச வரையில் சொன்னேன். "ம்ம்" என்றாள். அவ்வளவுதான்.

வேக் ஃபாரஸ்ட் 3-1 என்று ஜெயிச்சது. பெண்கள் கோல்ஃபில் அவங்களுக்கு முதல் கோப்பை. அஞ்சு ஆட்டத்தில் நாலு புள்ளிதானே வருதுன்னு கேட்கிறவங்களுக்கு: மூணாவது புள்ளி கிடைச்ச நிமிஷம் கோப்பை முடிவாயிடும். மைதானத்தில் மிச்சம் இருக்கிற ஆட்டத்தை அப்படியே நிறுத்திடுவாங்க. ஆடிக்கிட்டிருந்த ரெண்டு பேரும் பந்தைக் கையில் எடுத்துட்டு வரவேண்டியதுதான். அதில் ஜெயிச்சது யார், தோத்தது யார்னு எங்கேயும் பதிவாகாது. எனக்கு இது ஒரு மாதிரி இருந்தது. பேட்டன் ரூஜ் ஞாபகம் வந்துச்சு. பொண்ணுகிட்ட சொன்னேன். "இல்லப்பா, அது வேற. இவங்க ஆடிட்டுதானே இருந்தாங்க" என்றாள். அவ கேஸைப் பிரிச்சுப் பார்க்கிற விதத்தைப் பார்த்தால் வக்கீலுக்குப் படிக்க வெச்சிருக்கலாம். (படிக்கிறது அக்கவுன்டிங்.)

மேட்ச் பிளே நியாயமான்னு இன்னும் சண்டை இருக்கு. 2025இல் கலிஃபோர்னியா லா கோஸ்டாவில், முதல் நாலு நாள் ஆட்டத்தில் ஸ்டான்ஃபோர்ட் மத்தவங்க கண்ணுக்கே தெரியாத தூரத்தில் முதலிடம். இந்திய வம்சாவளிப் பொண்ணு மேகா கன்னேயும் அந்த அணியில். (அதே வருஷம் ஆகஸ்டில் அமெரிக்கப் பெண்கள் அமெச்சூர் பட்டம் வாங்கினவங்க.) பழைய முறையாக இருந்தால் திங்கள்கிழமையே கோப்பை அவங்களுக்குத்தான். புதன்கிழமை நார்த்வெஸ்டர்ன் 3-2 என்று ஜெயிச்சுடுச்சு, அவங்களுக்கும் முதல் தடவை. நாலு நாள் உழைப்பை ஒரு நாளில் கவுத்தறது அநியாயம்னு என் ஆபீஸ் நண்பர் ஒருத்தர் பொங்கினார். அநியாயம்தான். நான் மறுக்கலை. ஆனா நாலு நாளாகக் கணக்கில் வராத ஒருத்தியை எதிர் அணியோட அஞ்சு பேரும் பயத்தோட பார்க்கிற ஒரு நாள் வருதுன்னா, அந்த அநியாயம் எனக்குப் பிடிச்சிருக்கு.

பொண்ணு இப்ப வேற ஊரில் படிக்கிறா. முதல் வருஷம் மட்டையைத் தொடலை. ரெண்டாம் வருஷம் லீவுக்கு வந்துட்டுத் திரும்பும்போது, கராஜிலிருந்து பையை எடுத்து அவளே டிக்கியில் வெச்சா. காலேஜில் பொழுதுபோக்குக்கு ஆடறவங்க சேர்ந்து ஒரு க்ளப் வெச்சிருக்காங்களாம். ஸ்காலர்ஷிப்பும் கிடையாது, கோச்சும் கிடையாது, டீ-ஷர்ட் கூட சொந்தக் காசு. 2025 செப்டம்பரில் பக்கத்து ஊர் க்ளப்போடு ஒரு ஆட்டம். அங்கேயும் அதே சட்டம், அஞ்சு பேர் ஆடி நாலு ஸ்கோர் கணக்கு. சனிக்கிழமை சாயங்காலம் மெசேஜ் வந்தது.

"அப்பா, ஒருத்தி வரலை. நாலே பேர். என் ஸ்கோர் கவுன்ட் ஆச்சு!!!"

எவ்வளவுன்னு கேட்டேன். பதில் இன்னும் வரலை. :-)